வாளி உரத்தில் அழுகின முட்டை வாடை: மீத்தேனைக் குறைக்கிறேனா, கூட்டுகிறேனா?

துரைப்பாக்கம் மாடி:
வணக்கம். 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு எரிந்தபோது எங்கள் வீட்டு ஜன்னலை நாள்கணக்கில் திறக்க முடியவில்லை. குப்பை மேட்டுக்குள் அழுகிக் கிளம்பும் மீத்தேன் தீயை வளர்க்கும் என்று அப்போதுதான் படித்தேன். காய்கறிக் கழிவை இனி அங்கே அனுப்புவதில்லை என்று பழைய பெயின்ட் வாளியில் ஓட்டை போட்டு உரம் போடுகிறேன். இந்த மழையில் வாளி சாம்பார் மாதிரி ஆகிவிட்டது. அழுகின முட்டை வாடை வேறு. "அங்க வர்ற வாயுவ நீ இங்க விடுறியாக்கும்?" என்கிறார் மாமியார். என்ன பதில் சொல்வது?

உரக்குழி:
அக்கா, உங்கள் மாமியார் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மீத்தேனுக்கு வாடை கிடையாது; நீங்கள் முகர்வது ஹைட்ரஜன் சல்பைடு. ஆனால் அது வந்தால் உள்ளே காற்றில்லை என்று அர்த்தம். காற்றில்லாத இடத்தில்தான் மீத்தேனும் உருவாகும். வாளியைக் கவிழ்த்து, அள்ளுகிற கழிவுக்குச் சமமாகத் தேங்காய் நார்த்தூளோ காய்ந்த சருகோ கலந்து கிளறுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசியலாம், ஒழுகக்கூடாது. உரக்கூடத்தில் ஏழு வருடமாக எனக்கு இந்தப் பிடிதான் மீட்டர்.

வடசென்னைவாசி:
ஒரு வாளியால் என்ன ஆகும் என்று கேட்பேன், கோபிக்காதீர்கள். கிடங்கில் கொட்டுவதை இன்றே நிறுத்தினாலும் பழைய குப்பை இன்னும் பல வருடம் வாயு விடும். நூறு வருடக் கணக்கில் கரியமில வாயுவைவிட மீத்தேன் சுமார் 28 மடங்கு சூடேற்றும். இருபது வருடக் கணக்கில் 80 மடங்கு. இந்த மேட்டைத் தோண்டிச் சலிக்கிற பயோமைனிங் வேலை நல்லதுதான். ஆனால் எங்கள் கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கப்போகிறார்களாம். மீத்தேன் குறையும், சரி. கூடவே எரிகிற பிளாஸ்டிக்கில் இருப்பது பெட்ரோலியக் கார்பன் ஆயிற்றே, அது கரியமில வாயுவாகத்தானே வெளியேறும்! பிரிக்காமல் எரிப்பதை நாங்கள் எதிர்க்கிறோம்.

உரக்குழி:
அதனால்தான் சார் வாளி. ஈரக் கழிவு கலக்காத பிளாஸ்டிக்கைக் காயலான் கடைக்காரர் வாங்கிக்கொள்வார். சோறு ஒட்டியிருந்தால் தொடமாட்டார்.

துரைப்பாக்கம் மாடி:
நார்த்தூள் கலந்து மூன்று நாள் ஆயிற்று, வாடை இல்லை. இன்று காலை வாளிக்குள் கையை விட்டேன், வெதுவெதுப்பாக இருந்தது. மாமியார் இப்போது மீன் செதிலையும் போடலாமா என்கிறார். போடலாமா தம்பி?

உரக்குழி:
மழை நிற்கட்டும் அக்கா. பூனை வரும்.