முன்தடுப்பு, முன்கணிப்பு: இந்த 'முன்'னை எடுத்துவிடலாமா?

நண்பர்களே,

நம் பராமரிப்புச் சொற்பட்டியலில் பிரிடிக்டிவ் மெயின்டெனன்ஸுக்கு, அதாவது எந்திரத்தின் நிலையை அளந்து, பழுது வருவதை முன்பே கண்டுகொண்டு செய்யும் பராமரிப்புக்கு, 'முன்கணிப்புப் பராமரிப்பு' என்றே வைத்துக்கொள்ளலாம் என்று போன மடலில் ஏறக்குறைய முடிவு கட்டிவிட்டீர்கள். எழுத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாத சொல்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு பிட்டர்களுக்கும் எலக்ட்ரீஷியன்களுக்கும் பாடம் நடத்திப் பட்டவன் என்பதால் என் ஆட்சேபணையையும் சொல்லிவிடுகிறேன்.

பிரிவென்டிவ் என்பதை, அதாவது பழுது வந்தாலும் வராவிட்டாலும் தேதி வைத்துச் செய்வதை, ஏற்கெனவே 'முன்தடுப்பு' ஆக்கிவைத்திருக்கிறோம். முன்தடுப்பு, முன்கணிப்பு. தாளில் இரண்டும் வேறு, எந்திர இரைச்சலுக்கு நடுவே காதில் விழும்போது இரண்டும் ஒன்று. என்னிடம் பயிற்சி முடித்துப் போன ஒருவர், அதிர்வுமானி வைத்து அளவெடுக்க வேண்டிய தேதியை கிரீஸ் அடிக்க வேண்டிய தேதியாகவும் எடுத்துக்கொண்டு, அளவெடுக்கும்போதெல்லாம் கையோடு கிரீஸும் அடித்திருக்கிறார். கிரீஸ் அளவுக்கு மீறினால் பேரிங்கின் குண்டுகள் அதைக் கடைந்துகொண்டே ஓடும், சூடு ஏறும். ஏறியது. கழற்றிப் பார்த்தால் உள்ளே கிரீஸைத் தவிர ஒரு குறையும் இல்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தேதி பார்த்தே பராமரித்தவருக்கு 'முன்' என்று தொடங்கும் எதுவும் தேதியைத்தான் நினைவூட்டும்.

இங்கே பிரித்துக் காட்ட வேண்டியது காலத்தை அல்ல, வேலையை எது தொடங்கி வைக்கிறது என்பதை. ஒன்றில் காலண்டர் சொல்கிறது, மற்றதில் எந்திரமே சொல்கிறது. 1978இல் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நோலன், ஹீப் இருவரும் எழுதிய அறிக்கையில், தாங்கள் ஆராய்ந்த விமானப் பாகங்களில் 89 சதவீதத்துக்கு 'இத்தனை மணி நேரம் ஓடினால் மாற்று' என்று வரம்பு வைப்பதால் பயனில்லை என்று கண்டார்கள். காலண்டரை மட்டும் நம்பினால் போதாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

வகுப்பில் எனக்குக் கைகொடுத்தது பழைய ஸ்க்ரூடிரைவர்தான். முனையை பேரிங் மூடியில் ஊன்றி, கைப்பிடியைக் காதெலும்பில் வைத்துக் கேட்பார்களே, அதை முதலில் செய்யச் சொன்னேன். அப்புறம் அதே இடத்தில் சென்சாரை ஒட்டி, திரையில் நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற வரிசையில் எழும் முட்களைக் காட்டினேன். மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடுகிறது என்றால் நொடிக்கு 24. திரையில் 24இல் நிற்கும் முள் உயர்ந்தால் சமநிலை கெட்டிருக்கலாம், 48இல் உயர்ந்தால் அலைன்மென்ட்டை, அதாவது இணைத்த தண்டுகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பதைச் சந்தேகி. 'காதால் கேட்டதுதான் இது, போன மாதச் சத்தத்தையும் எழுதி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்' என்றதும் பின்வரிசைகூட எழுந்து வந்துவிட்டது.

அந்த உற்சாகத்தில் நான் முதலில் பிடித்துக்கொண்ட சொல் 'நாடிப் பராமரிப்பு'. அதிர்வுக்கு அழகாகப் பொருந்தியது. ஆனால் வெப்பப்பட கேமராவில் ஸ்விட்ச்போர்டைப் பார்ப்பதும், எண்ணெயை எடுத்து இரும்புத்துகள் இருக்கிறதா என்று சோதிப்பதும் நாடி பார்ப்பதில் சேராதே. போதாக்குறைக்கு நாடி ஜோதிடம் வேறு.

அதனால் இப்போது என் பரிந்துரை 'அறிகுறிப் பராமரிப்பு'. சூடு, சத்தம், துகள், அதிர்வு எல்லாமே அறிகுறிதான். பிரிவென்டிவ்வுக்குத் 'தவணைப் பராமரிப்பு' போதும். (காலக்கெடு என்று வைக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். 'கெடு'வைப் பராமரிப்போடு சேர்த்தால் பட்டறையில் சிரிப்பார்கள், வேண்டாம்.) உடைந்த பிறகு செய்வதைப் 'பழுதுநீக்கல்' என்றே விட்டுவிடலாம்.

அறிகுறி பார்ப்பது கண்டிஷன் பேஸ்டு (எந்திரத்தின் இப்போதைய நிலையைப் பார்த்துச் செய்வது), பிரிடிக்டிவ் அதற்கும் ஒரு படி மேலே என்று யாராவது எழுதப்போகிறீர்கள், தெரியும். சரிதான். அறிகுறிகளின் போக்கை வைத்து இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று சொல்வதுதான் அந்த மேல்படி. அதற்கு 'மிச்ச ஆயுள் கணிப்பு' என்று தனிப்பெயர் கொடுத்து அறிகுறிப் பராமரிப்புக்குள்ளேயே அடக்கிவிடலாம். கணிப்பு என்ற சொல் அங்கேதான் பொருந்துகிறது.

சொற்பட்டியலை அச்சுக்கு அனுப்பும் முன் யாராவது ஒருவர் 'முன்தடுப்பு', 'முன்கணிப்பு' என்ற இரண்டு சொற்களையும் ஓடுகிற பம்புக்குப் பக்கத்தில் நின்று உரக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.