"அவனா? பார்த்துக்குங்க டீச்சர்": ஜூன் முதல் வார அனுபவங்கள்

ஏழாம் வகுப்பு ஆசிரியை, புதுக்கோட்டை மாவட்டம்

பள்ளி திறக்க இன்னும் நான்கு நாள். ஒவ்வொரு ஜூனிலும் எனக்கு ஒரு பையன் நினைவுக்கு வருவான்.

சில வருடங்களுக்கு முன் எனக்கு ஏழாம் வகுப்பு கொடுத்தார்கள். முந்தைய வருடம் அந்தப் பிள்ளைகளை வைத்திருந்தவர், ஒரு துண்டுத்தாளில் நான்கு பேர் எழுதிக் கொடுத்தார். "இவனுங்களை மட்டும் பார்த்துக்குங்க டீச்சர், மத்ததெல்லாம் தங்கம்." நல்ல மனதோடுதான் கொடுத்தார். நானும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். முதல் நாளே நான்கு பேரையும் பிரித்து உட்கார வைத்தேன். ஒருவனை என் கண் எதிரில், முதல் பெஞ்சில்.

இரண்டாம் வாரம் ஒரு பிள்ளையின் பேனா காணோம். நான் எதுவும் சொல்லவில்லை. யாரையும் கேட்கவில்லை. முதல் பெஞ்சுக்காரன் எழுந்தான். பையைத் தலைகீழாகக் கவிழ்த்து மேசையில் கொட்டினான். இரண்டு நோட்டு, ஒரு டிபன் பாக்ஸ், கொஞ்சம் புளியங்கொட்டை.

"நான் உன்னைக் கேட்கவே இல்லையேடா?"

"நீங்க பார்த்தீங்கல்ல டீச்சர்."

ஆமாம், பார்த்திருக்கிறேன். எனக்கே தெரியாமல். பேனா கடைசியில் உடைமைக்காரியின் ஜாமெட்ரி பாக்ஸிலேயே கிடந்தது.

அதிலிருந்து யார் பட்டியல் கொடுத்தாலும் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: "சரி, இவனுக்கு என்ன நல்லா வரும்?" பெரும்பாலும் பதில் வரக் கொஞ்ச நேரம் ஆகும். ஒருவர் யோசித்துவிட்டு, "சைக்கிளுக்கு பஞ்சர் ஒட்டுவான், கடைக்காரன் தோத்தான்" என்றார். எனக்கு அது போதும். உங்கள் முதல் வாரம் எப்படி? பெற்றோரும் சொல்லலாம்.

ஒரு அம்மா, ஈரோடு

என் மகனுக்குத் திக்குவாய். மூன்றாம் வகுப்பு முழுக்கப் பள்ளிக்குத் தாமதமாகவே போனான். சோம்பேறித்தனம் என்று நினைத்துத் திட்டியிருக்கிறேன். வருகைப் பதிவு நேரத்தைத் தப்பிக்கத்தான் அப்படிப் போனான் என்பது பிறகுதான் தெரிந்தது. "பிரசன்ட் மிஸ்" என்பதில் 'ப' அவனுக்கு நகராது. அது நகர்வதற்குள் வகுப்பே சிரித்துவிடும்.

நான்காம் வகுப்பில் புது மிஸ். இரண்டாம் நாளே கவனித்திருக்கிறார். ஆனால் அவனைத் தனியாகக் கூப்பிடவில்லை, தட்டிக் கொடுக்கவில்லை, எனக்கு போன் போடவும் இல்லை. மூன்றாம் நாள் எல்லோருக்கும் பொதுவாக, "இந்த வாரம் பேர் கூப்பிட்டா ஆளுக்கொரு பழம் சொல்லணும்" என்றாராம். இவன் 'சாத்துக்குடி' சொன்னான். 'ச' அவனுக்குச் சுலபமாக வரும். அடுத்த வாரம் ஊர்ப் பெயர். முந்தின ராத்திரியே உட்கார்ந்து தேடினான்: சேலம், சிவகாசி, சாத்தூர். அப்புறம் தாமதமே இல்லை. எனக்கு முன்னால் வாசலில் நிற்பான்.

பெற்றோர் கூட்டத்தில் நன்றி சொன்னேன். மிஸ் ஒன்றும் தெரியாதவர் போல, "எனக்கே அந்த பிரசன்ட் மிஸ் சலிச்சுப்போச்சும்மா" என்றார். பக்கத்தில் மகன் நின்றுகொண்டிருந்தான்.

ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர், தஞ்சை மாவட்டம்

நான் 1988இல் வேலைக்கு வந்தவன். மேசை, நாற்காலி, பிரம்பு. இந்த மூன்றும் இல்லாமல் வாத்தியாரா என்று நினைத்த காலம்.

2007இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தது. பிள்ளைகள் அட்டைகளை வைத்து, தங்கள் வேகத்தில் படிப்படியாகத் தாங்களே கற்கும் முறை அது. ஏணிப்படி, அட்டைகள், பிள்ளைகள் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை. நாற்காலியை விட்டுப் பாயில் உட்காரச் சொன்னார்கள். முட்டி வலிக்கிறது என்று சங்கடப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஒருநாள் மூலையில் ஒரு பெண்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, நிமிர்ந்து பெரிய போர்டைப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பளபள என்று இருக்கிறது, ஒரு எழுத்தும் தெரியவில்லை. அந்த மூலையில் உட்கார்ந்த பிள்ளைகளை எத்தனை வருடம் "போர்டைப் பாரு, போர்டைப் பாரு" என்று அதட்டியிருப்பேன்!

அந்த முறையில் குறைகளும் இருந்தன. அட்டை தொலையும், சில பிள்ளைகள் ஒரே படியில் மாதக்கணக்கில் நிற்பார்கள். ஆனால் 'ஆசிரியர் முழு உதவி' குழுவிலிருந்து 'சக மாணவர் உதவி' குழுவுக்குப் போன பிள்ளை, என்னிடம் ஒருநாளும் கேட்காத சந்தேகத்தைப் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டதைக் காதால் கேட்டேன். என்னிடம் ஏன் கேட்கவில்லை என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன்.

2010 ஏப்ரலில் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவு அடிப்பதையும் தடுக்கிறது, மனதை நோகடிப்பதையும் தடுக்கிறது. பிரம்பை அன்றே அலமாரிக்குள் வைத்துவிட்டேன். 'மக்கு' என்ற சொல் வாயிலிருந்து போக இன்னும் இரண்டு வருடம் ஆனது.

புதுக்கோட்டை டீச்சர், அந்தப் பையன் பிறகு என்ன ஆனான்?

தனியார் பள்ளி ஆசிரியை, சென்னை

எல்லாம் சரி. 6 முதல் 8 வரை 35 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் என்கிறது நீங்கள் சொல்லும் அதே சட்டம். என் வகுப்பில் 52 பேர். ஜூன் முழுக்க எமிஸ் பதிவு (பிள்ளைகள் விவரங்களை அரசு இணையதளத்தில் ஏற்றுவது), புத்தகக் கணக்கு, கட்டண ரசீது. இதில் ஒவ்வொரு முகமாகப் படிக்க எங்கே நேரம்?

ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டேன். சேட்டை பண்றவன் பேரும் நல்லா படிக்கிறவ பேரும் முதல் நாளே மனதில் பதிந்துவிடும். நடுவில் இருக்கும் இருபது இருபத்தைந்து பேர்தான் ஆகஸ்ட் வரை "ஏம்மா, நீ" ஆகவே இருப்பார்கள். இப்போது அந்தப் பேர்களைத்தான் முதலில் மனப்பாடம் செய்கிறேன். சேட்டைக்காரன் பேர் எப்படியும் வந்துவிடும்.

அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை, திருப்பூர்

மூன்றாம் வகுப்பில் ஒடிசா பிள்ளை ஒருத்தி. அப்பா பனியன் கம்பெனியில் வேலை. முதல் நாள் மதியம் வரை வாயே திறக்கவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே ஈரம் பண்ணிவிட்டாள். மொழி புரியவில்லை என்றால் பாடம்தான் போகும் என்று நினைத்திருந்தேன். கழிப்பறைக்குப் போகக்கூடக் கேட்க முடியாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

சாயங்காலம் அப்பாவிடம் நான்கு சொல் கேட்டேன்: தண்ணீர், கழிப்பறை, வயிற்று வலி, வீடு. தமிழ் எழுத்தில் சார்ட் பேப்பரில் எழுதிப் போர்டு பக்கத்தில் ஒட்டினேன். ஒரு வாரத்தில் என் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாம் "மிஸ், பாணி" என்று தண்ணீர் குடிக்க வரிசை கட்டினார்கள். அவளுக்கு ஒரே சிரிப்பு. வேறொருத்தியின் உச்சரிப்பைத் திருத்தியதுதான் எங்கள் வகுப்பில் அவள் பேசிய முதல் பேச்சு.

ஏழாம் வகுப்பு ஆசிரியை, புதுக்கோட்டை மாவட்டம்

தஞ்சை ஐயாவுக்கு: பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் சேர்ந்தான். வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்திப் பேசுவான். பேனா பற்றி இருவருமே எடுத்ததில்லை.

இந்த வருடம் அவன் தங்கை என் வகுப்புக்கு வருகிறாள். நேற்றே ஒருவர், "அவன் தங்கச்சிதான், தெரியும்ல" என்றார். பேர் என்ன என்று கேட்டேன். அவருக்கு நினைவில்லை. பதிவேட்டில் தேடி எடுத்து வைத்திருக்கிறேன்.