கடைசியாக வருவேன் என்று தெரிந்தே போட்டியில் இறங்கலாமா?

கேள்வி
எழுதியவர்: அலைக்கோடு

வணக்கம். எனக்கு வயது 41. நீச்சல் கற்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன; அதற்கு முன் இடுப்பளவுத் தண்ணீருக்கு மேல் இறங்கியவள் அல்லள். இன்னும் மூன்று மாதங்களில் நடக்கவிருக்கும் ஒரு மாஸ்டர்ஸ் (வயதுவாரியாகப் பிரித்துப் பெரியவர்களுக்கு நடத்தப்படும்) நீச்சல் போட்டியில், பயிற்சியாளரின் வற்புறுத்தலால், 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். கொடுத்த நாளிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை.

என் நிலையை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பயிலும் குளம் 25 மீட்டர் நீளமுள்ளது. மூன்று நீளம் வரை மூச்சு சீராக இருக்கிறது. நான்காவது நீளத்தின் பாதியில் தோள்கள் கனத்து, கால்கள் கீழே தாழ்ந்து, நீந்துகிறேனா அல்லது ஒரே இடத்தில் கையை வீசிக்கொண்டிருக்கிறேனா என்று எனக்கே தெரியாத நிலை வந்துவிடுகிறது. அண்மையில் எடுத்த நேரம் 2 நிமிடம் 41 விநாடி. என் வயதுப் பிரிவில் முன்னிலையில் வருபவர்கள் அதில் பாதி நேரம்கூட எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே கடைசி இடம் எனக்குத்தான் என்பதில் ஐயமே இல்லை.

சென்ற வாரம் உடைமாற்றும் அறையில் ஒருவர் இன்னொருவரிடம், நீந்தத் தெரிந்தவர்கள் மட்டும் போட்டிக்கு வந்தால் நிகழ்ச்சி நேரத்தோடு முடியும் என்று பேசிக்கொண்டிருந்தார். அவர் என்னைக் குறிப்பிட்டுச் சொல்லவில்லை, கடுமையாகவும் சொல்லவில்லை. அதனாலேயே அந்தச் சொல் மனத்தில் தைத்துவிட்டது.

என்னைத் தேற்ற வருகிறவர்கள் எல்லோரும் சிட்னி ஒலிம்பிக்கில் தனியாக நீந்திய எரிக் முசம்பானியை எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் அவரைப் பார்த்து உலகம் சிரிக்கவும் செய்தது அல்லவா? எல்லோரும் கரையேறிய பிறகு ஒருத்தி மட்டும் தண்ணீரில் இருக்கும்போது எழும் கைதட்டல், பாராட்டா, இரக்கமா? இரக்கம் என்றால் அதைத் தாங்கும் வலிமை எனக்கு இல்லை. அனுபவம் உள்ளவர்கள் மனத்தில் பட்டதைச் சொல்லுங்கள்.

மறுமொழி 1
எழுதியவர்: நெடுநாள் வாசகன்

வணக்கம், சகோதரி. முசம்பானியை ஓர் ஆறுதல் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது அவருக்குச் செய்யும் நியாயம் அன்று என்பதால், அந்தப் போட்டியைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஈக்குவடோரியல் கினி என்ற சிறு ஆப்பிரிக்க நாட்டைச் சேர்ந்த அவர் முறையாக நீந்தத் தொடங்கியது 2000 ஆம் ஆண்டு ஒலிம்பிக்கிற்கு ஏறத்தாழ எட்டு மாதங்களுக்கு முன்புதான். ஒரு தங்கும் விடுதியின் சிறிய குளமும், ஆறும், கடலுமே அவருக்குப் பயிற்சிக் களங்கள். நீச்சலில் வசதியற்ற நாடுகளும் பங்கேற்க வேண்டும் என்பதற்காக வழங்கப்படும் சிறப்பு அனுமதியின் பேரில் அவர் சிட்னிக்கு வந்தார். 50 மீட்டர் நீளமுள்ள குளத்தை அங்கேதான் முதன்முதலாகக் கண்டார். 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலின் முதல் தகுதிச் சுற்றில் அவருடன் நீந்த வேண்டியவர்கள் இருவர். நைஜரிலிருந்து ஒருவர், தஜிகிஸ்தானிலிருந்து ஒருவர். ஒலி எழும் முன்பே அவ்விருவரும் தண்ணீரில் பாய்ந்துவிட்டதால் விலக்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க, அவ்வளவு பெரிய குளத்தில் ஒரே ஒருவர்.

முதல் 50 மீட்டரை அவர் ஓரளவு வேகமாகவே கடந்தார். திரும்பி வரும்போதுதான் நிலைமை மாறியது. நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, கால்கள் தாழ்வதும், கை வீசியும் உடல் நகராததும். அதே நிலைதான் அவருக்கும். தலை தண்ணீருக்கு மேலேயே நின்றது. கடைசிப் பத்துப் பதினைந்து மீட்டரில் அவர் மூழ்கிவிடுவாரோ என்று பார்ப்பவர்கள் அஞ்சினார்கள். நான் அந்தக் காட்சியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என் கண் போய் நிற்பது, தடங்களைப் பிரிக்கும் தடக்கயிற்றின் மேல்தான். ஃப்ரீஸ்டைலில் அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்து முன்னேறுவது விதிமீறல். அது அவருக்குக் கையெட்டும் தூரத்தில் மிதந்துகொண்டிருந்தது. பிடித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் பிடிக்கவில்லை, சுவரைத் தொட்டுத்தான் நின்றார்.

நேரம் 1 நிமிடம் 52.72 விநாடி. அதே சிட்னியில் நெதர்லாந்தின் பீட்டர் வான் டென் ஹூகன்பாண்ட் இதைப் போல் இரு மடங்கான 200 மீட்டரை 1 நிமிடம் 45.35 விநாடியில் நீந்தி முடித்தார் என்பதை வைத்துப் பார்த்தால் இடைவெளி எவ்வளவு என்பது புரியும். சிரித்தவர்கள் இருந்தார்கள் என்று நீங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அரங்கில் எழுந்த ஆரவாரமே தன்னைக் கடைசி வரை தள்ளிக்கொண்டு வந்தது என்று நீந்தியவரே சொல்லியிருக்கிறார். அந்த ஓசை என்ன பொருள் கொண்டது என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை, வெளியே இருந்த நம்மைவிட, தண்ணீருக்குள் இருந்து அதைக் கேட்ட அவருக்கே அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

பலரும் சொல்லாமல் விடும் பகுதி இதற்குப் பின்னர்தான் வருகிறது. அவர் நீச்சலை விடவில்லை. அடுத்த நான்கு ஆண்டுகளில் தமது நேரத்தை 57 விநாடிக்கும் கீழே கொண்டுவந்தார், ஏறத்தாழ பாதி! பயண ஆவணங்களில் நேர்ந்த குளறுபடியால் 2004 இல் ஏதென்ஸ் போட்டிக்குச் செல்ல இயலவில்லை. உலகம் அந்த 57 விநாடியைப் பார்க்கவே இல்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். பின்னர், 2012 இல், தம் நாட்டு நீச்சல் அணிக்கே அவர் பயிற்சியாளரானார். நகைப்புக்கு அஞ்சி அவர் அன்று தொடக்க மேடையிலிருந்து இறங்கிப் போயிருந்தால் இவற்றில் எதுவும் நடந்திராது.

மறுமொழி 2
எழுதியவர்: பனிமுகடு

மேலே எழுதிய நண்பரின் உணர்வை மதிக்கிறேன். எனினும் துணிவைப் பற்றிப் பேசும்போது ஆயத்தத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

1988 இல் கால்கரி குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்குத் தாவலில் பிரிட்டன் சார்பில் இறங்கிய எடி எட்வர்ட்ஸை எண்ணிப் பாருங்கள். சுவர்ப் பூச்சு வேலை செய்து பிழைத்தவர். பண உதவி செய்ய யாரும் இல்லை. கண்ணாடி இல்லாமல் பார்வை தெளியாது, கண்ணாடி அணிந்தாலோ குளிரில் ஆவி படிந்து மங்கும். 70 மீட்டர், 90 மீட்டர் ஆகிய இரு பிரிவுகளிலும் கடைசி இடம். மக்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். ஆனால் அதற்குப் பிறகு 1990 இல் தகுதி விதிகள் இறுக்கப்பட்டன. உலகளவிலான போட்டிகளில் முதல் 50 பேருக்குள், அல்லது பங்கேற்பாளர்களில் மேல்நிலை 30 விழுக்காட்டுக்குள், இவற்றில் எது குறைவோ அதற்குள் வந்தவர்களுக்கே ஒலிம்பிக் வாய்ப்பு என்றாயிற்று. எட்வர்ட்ஸ் அதன் பின் எவ்வளவோ முயன்றும் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற முடியவில்லை.

இந்த விதியைப் பலர் கொடுமை என்கிறார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. உயரத்திலிருந்து பாயும் விளையாட்டில் ஆயத்தமின்மை உயிருக்கே ஆபத்து. எட்வர்ட்ஸ் தம் நாட்டில் அப்போதிருந்த சிறந்த தாவல் வீரர். அவர் உண்மையாகவே பயின்றவர். அவரைப் பார்த்து, பயிலாத ஒருவர் அந்தச் சரிவில் ஏறிவிடக் கூடாது அல்லவா?

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். கடைசியாக வருவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நான்காவது நீளத்தில் உடல் செங்குத்தாகிவிடுவதைப் பற்றிக் கவலைப்படுங்கள். போட்டிக் குளம் 50 மீட்டராக இருந்தால் நிலைமை இன்னும் கடினமாகும். உங்கள் குளத்தில் 100 மீட்டருக்கு மூன்று திருப்பங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் சுவரை உதைத்துச் சில மீட்டர் இலவசமாகப் பெறுகிறீர்கள். நீளமான குளத்தில் ஒரே ஒரு திருப்பம்தான். மூன்று மாதம் போதுமான காலம். நில்லாமல் 150 மீட்டர் நீந்தும் வரை பயிலுங்கள். முடியவில்லை என்றால் இம்முறை 50 மீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதில் இழுக்கு ஏதும் இல்லை.

மறுமொழி 3
எழுதியவர்: கரையோரக் கடிகாரம்

பல ஆண்டுகளாக இத்தகைய போட்டிகளில் நேரம் குறிக்கும் தொண்டு செய்துவருகிறேன். கைதட்டலைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு, தடத்தின் முனையில் நின்று பார்த்தவன் என்ற முறையில் விடை சொல்ல முயல்கிறேன்.

ஒரு முறை என் தடத்தில் எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் 200 மீட்டர் நீந்தினார். மற்றவர்கள் எல்லோரும் முடித்துத் தண்ணீரிலேயே காத்திருந்தார்கள். அவருக்கு இன்னும் ஒரு முழு நீளம் மீதி இருந்தது. அரங்கம் முழுவதும் கைதட்டியது. அவர் சுவரைத் தொட்டார். நான் கடிகாரத்தை அழுத்தினேன். நீர்க்கண்ணாடியைக் கழற்றும் முன்பே, மூச்சு வாங்கிக்கொண்டே, நிமிர்ந்து என்னிடம் அவர் கேட்டது, "எவ்வளவு?" என்பதுதான். எண்ணைச் சொன்னேன். விரல்களை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தார். சென்ற முறையைவிட நான்கு விநாடி குறைவு என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகே கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். கைதட்டியவர்களில் யார் இரக்கப்பட்டார்கள், யார் வியந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். முதலில் முடித்தவர்கள்தான் பெரும்பாலும் கடைசியாக வருபவருக்காகக் கயிற்றின் மேல் சாய்ந்து காத்திருப்பார்கள். அந்தக் கடைசி நீளம் உடலுக்கு என்ன செய்யும் என்பது அவர்களுக்குத் தெரியும். உடைமாற்றும் அறையில் நீங்கள் கேட்ட பேச்சைப் போன்றதை நானும் கேட்டிருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் தடத்தின் முனையில் ஒருநாளும் கேட்டதில்லை.

மெக்சிகோ நகரில் 1968 இல் நடந்த மாரத்தானையும் இங்கே நினைவூட்ட வேண்டும். தான்சானியாவின் ஜான் ஸ்டீபன் அக்வாரி வழியில் விழுந்து, முழங்காலில் கடுமையான காயத்துடன் கட்டுப் போட்டுக்கொண்டு, வெற்றியாளர் வந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்து, இருள் சூழ்ந்த அரங்கில் நொண்டியபடி கடைசியாக நுழைந்தார். 3 மணி 25 நிமிடம் 27 விநாடி. அவரை ஏதோ பயிற்சியில்லாத எளிய மனிதர் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் காமன்வெல்த் போட்டியில் மாரத்தானில் ஐந்தாவதாக வந்தவர் அவர். கடைசி இடம் என்பது அந்த ஒரு நாளின் கணக்கு மட்டுமே.

நடைமுறையில் உங்களுக்கு உதவக்கூடிய சில: பதிவுப் படிவத்தில் உங்கள் உண்மையான நேரத்தையே எழுதுங்கள். நேரத்தைப் பொறுத்தே சுற்றுகள் பிரிக்கப்படும். மெதுவான நேரம் உடையவர்கள் ஒரே சுற்றில் நீந்துவார்கள். நீங்கள் நினைப்பதுபோல் தனியாக மாட்டிக்கொள்ள வாய்ப்புக் குறைவு. மாஸ்டர்ஸ் போட்டியில் மேடையிலிருந்து பாய வேண்டிய கட்டாயமும் இல்லை. தண்ணீரிலேயே இறங்கி, சுவரைப் பிடித்தபடி நின்று, ஒலி கேட்டதும் உதைத்துப் புறப்படலாம். ஃப்ரீஸ்டைலில் மூச்சு முட்டினால் தரையில் கால் ஊன்றி நிற்கலாம், நடக்கத்தான் கூடாது. ஆழமான குளத்தில் அது பயன்படாது என்பதால், பனிமுகடு சொன்ன 150 மீட்டர் பயிற்சியை நானும் வலியுறுத்துகிறேன்.

அலைக்கோடு எழுதியது

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தண்ணீரிலிருந்தே புறப்படலாம் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. மேடையில் ஏறி எல்லோர் முன்னிலையிலும் வயிறு அடிபட விழுந்துவிடுவேனோ என்ற அச்சம்தான் என் உறக்கத்தைப் பாதி கெடுத்தது என்பதை இப்போதுதான் உணர்கிறேன்.

பனிமுகடு அவர்களே, நீங்கள் சொன்னது முதலில் சற்று வலித்தது. இன்று காலை குளத்தில் அதைச் சோதித்துப் பார்த்தேன். முதல் இரு நீளங்களில் வழக்கத்தைவிட மெதுவாக, மூன்று கைவீச்சுக்கு ஒரு மூச்சு என்று நீந்தியபோது, நான்காவது நீளத்தில் கால்கள் தாழவில்லை. ஐந்தாவது நீளத்தின் நடுவில்தான் தாழ்ந்தன. அது நூறையும் தாண்டிய தூரம்.

பதிவு நேரத்தை 2 நிமிடம் 30 விநாடி என்று எழுதியிருந்தேன். வெட்கத்தால் குறைத்து எழுதியது. இன்று அமைப்பாளர்களுக்கு எழுதி அதை 2:41 என்று திருத்தச் சொல்லிவிட்டேன். கரையோரக் கடிகாரம் அவர்களிடம் ஒரு கேள்வி மட்டும் மீதி இருக்கிறது: தண்ணீரிலிருந்து புறப்படுபவர் சுவரை ஒரு கையால் பிடித்தால் போதுமா, இரு கைகளாலும் பிடிக்க வேண்டுமா?

கரையோரக் கடிகாரம் எழுதியது

ஒரு கை போதும், சகோதரி. மற்றொரு கையை முன்னே நீட்டி வைத்துக்கொள்ளுங்கள். உதைத்துப் புறப்படும்போது உடல் நேர்கோட்டில் அமைய அது உதவும். இருந்தாலும் போட்டி நாளன்று தொடங்கும் முன் நடுவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்துவிடுங்கள்.