புதுப்பிப்பு: யூனியன் கால்வாய் சைக்கிள் பயணம் முடிந்தது

ஸ்காட்லாந்தில் எடின்பரோவிலிருந்து ஃபால்கிர்க் சக்கரம் (படகுகளை ஏற்றி இறக்கும் பெரிய சுழல் இயந்திரம்) வரை யூனியன் கால்வாய்க் கரையிலேயே ஒரே நாளில் அப்பாவுடன் சைக்கிளில் போக முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வழியில் உள்ள லின்லித்கோ ஊர் வரை ரயிலில் போய், அங்கிருந்து சைக்கிள் எடுங்கள் என்ற யோசனைதான் கைகொடுத்தது. 1822இல் திறந்த இந்தக் கால்வாயை ஒரே மட்டத்தில் வெட்டியிருக்கிறார்கள். அதனால் பாதையில் ஏற்றமே இல்லை. அப்பாவுக்கு மூச்சு வாங்கவில்லை.

எதிர்பாராதது ஏவன் மேம்பாலக் கால்வாய். ஆற்றுக்கு மேலே 12 வளைவுகள். ஓரப்பாதையோ குறுகலான கருங்கல் தளம். இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனோம். கீழே பார்க்காதீர்கள்!

ஃபால்கிர்க் சுரங்கம் 600 மீட்டருக்கு மேல். விளக்கு உண்டு, ஆனால் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும். மழைக்கோட்டு வேண்டும். பக்கத்தில் இருந்த காலண்டர் (Callendar) என்ற மாளிகையின் சொந்தக்காரர் வில்லியம் ஃபோர்ப்ஸ் தன் வீட்டிலிருந்து கால்வாய் கண்ணில் படக்கூடாது என்று அடம்பிடித்ததால் குடைந்த சுரங்கமாம். பணக்காரப் பிடிவாதம்!

முன்பு 11 மதகுகள் (நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் அடைப்புகள்) செய்த வேலையை 2002 முதல் சக்கரமும் அதற்கு மேலே உள்ள இரண்டு மதகுகளும் செய்கின்றன. படகு 24 மீட்டர் இறங்குவதை அப்பா இரண்டு முறை நின்று பார்த்தார். திரும்ப ஃபால்கிர்க் ஹை நிலையத்தில் ரயில் ஏறினோம்.