மரப்பட்டையில் கறுப்புக் கிறுக்கல்: கிராஃபிஸா, ஃபியோகிராஃபிஸா?

சோலைக்காடு:
கொல்லிமலையில் பலாப் பட்டையில் எடுத்த லைக்கன் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிரி). சாம்பல் வெள்ளைப் பூச்சின் மேல் 2–3 மி.மீ. நீளத்தில், கிளைவிட்ட கறுப்புக் கோடுகள். கிராஃபிடேசியே குடும்பம் என்று நினைக்கிறேன். அதில் கிராஃபிஸ் பேரினமா, ஃபியோகிராஃபிஸ் பேரினமா என்று தெரியவில்லை. பிளேடால் சுரண்டிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டால் ஆரஞ்சாகத் தெரிகிறது. லைக்கன்களில் காணப்படும் நார்ஸ்டிக்டிக் அமிலம் என்று எடுத்துக்கொள்ளலாமா? பழைய நூல்களில் கிராஃபினா என்றும் ஒரு பேரினம் வருகிறது. மைக்ராஸ்கோப் இருக்கிறது. பேரினம் வரையாவது உறுதிசெய்ய வழி சொல்லுங்கள்.

பட்டைவாசி:
சொட்டு விடாமல் வேறோர் இடத்தில் சுரண்டிப் பாருங்கள். அங்கும் ஆரஞ்சு தெரிந்தால் அது அமிலமல்ல, உள்ளே வாழும் டிரென்டிபோலியா பாசி. பச்சைப் பாசி வகைதான், ஆனால் கரோட்டின் நிறைந்திருப்பதால் மஞ்சள் ஆரஞ்சாகத் தெரியும். இந்தக் குடும்பத்தில் பலரும் ஏமாறும் இடம் இதுதான்.

நார்ஸ்டிக்டிக் என்றால் முதலில் மஞ்சள், சற்றுப் பொறுத்தால் ரத்தச் சிவப்பு. மெல்லிய சீவலைக் கரைசலில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சீவலின் ஓரத்தில் செந்நிற ஊசிப் படிகங்கள் கொத்துக்கொத்தாக வளரும். மஞ்சளோடு நின்றுவிட்டால் ஸ்டிக்டிக் அமிலமாக இருக்கலாம். கரைசலுக்கு 100 மி.லி. நீருக்கு 10 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. பிளாஸ்டிக் பாட்டிலில் இறுக மூடி வையுங்கள். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக் கார்பனேட்டாகிவிட்டால் நிறமே வராது, அமிலம் இல்லை என்று தவறாக எழுதிவிடுவோம்.

வித்துப்பை:
வேதியியலைவிட, கறுப்புக் கோட்டுக்குள் உண்டாகும் பூஞ்சை வித்து (ஸ்போர்) முக்கியம். கோட்டின் மேல் ஒரு சொட்டு நீர் விட்டு ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். காய்ந்தபடி வெட்டினால் கரித்தூளாக நொறுங்கும். பிறகு புது பிளேடால் குறுக்கே சீவுங்கள். நீளவாட்டில் சீவினால் சுவரின் அமைப்பு தெரியாது. கோட்டின் கரிய சுவர் அடிவரை சூழ்ந்திருக்கிறதா, பக்கங்களில் மட்டுமா, உதட்டு (கோட்டின் மேற்பிளவின் இரு ஓரங்கள்) நுனியில் மட்டுமா என்று வரைந்துகொள்ளுங்கள். இனம் பிரிக்கும்போது அது தேவைப்படும்.

முதல் சீவலை நீரில் மட்டும் பாருங்கள். கிராஃபிஸ் வித்து நிறமற்றது. உள்ளறைகள் லென்ஸ் வடிவில் வரிசையாக இருக்கும். ஃபியோகிராஃபிஸ் வித்து முதிர்ந்ததும் பழுப்பாகும், ஆனால் இளசில் அதுவும் நிறமற்றதே. ஆகவே ஒரே ஒரு வித்தை நம்பாதீர்கள். வித்துகள் வளரும் பையை விட்டு வெளியே வந்த முதிர்ந்த வித்துகளைத் தேடுங்கள்.

அடுத்து கவர் ஸ்லிப் ஓரத்தில் அயோடின். கிராஃபிஸ் வித்து நீல ஊதாவாகும், ஃபியோகிராஃபிஸ் செம்பழுப்பாகும். ஹைட்ராக்சைடு பட்ட சீவலில் அயோடின் விடாதீர்கள், அயோடினின் நிறமே போய்விடும். கரைசலுக்கு 1.5 கிராம் பொட்டாசியம் அயோடைடை முதலில் கொஞ்சம் நீரில் கரைத்து, அதில் 0.5 கிராம் அயோடினைப் போட்டு, பிறகு 100 மி.லி. ஆக்குங்கள். வெறும் நீரில் அயோடின் சரியாகக் கரையாது.

சுவரெழுத்து:
கிராஃபினா பற்றி: 19ஆம் நூற்றாண்டு முறையில் வித்தின் நிறத்தையும் அதை அறைகளாகப் பிரிக்கும் தடுப்பையும் மட்டும் வைத்து நான்கு பேரினங்களாகப் பிரித்தார்கள். குறுக்குத் தடுப்பு மட்டும் என்றால் கிராஃபிஸ், ஃபியோகிராஃபிஸ். செங்கல் சுவர்போல் நெடுக்கிலும் தடுப்பு இருந்தால் கிராஃபினா, ஃபியோகிராஃபினா. 2002இல் லைக்கன் ஆய்வாளர் ஸ்டைகர் செய்த வகைப்பாட்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பிரிவு நிற்கவில்லை. செங்கல்சுவர் வித்துள்ள கிராஃபிஸ் இனங்களும் உண்டு. எனவே பழைய திறவுகோலில் (இனங்காணும் வழிகாட்டிப் பட்டியல்) கிராஃபினா என்று வந்தால் சுவரையும் உதட்டையும் பார்த்து மறுபடி இடம் தேடுங்கள்.

ஓபிகிராஃபா என்ற பேரினத்தையும் மறக்காதீர்கள். கோடுகள் அச்சாக இப்படியே இருக்கும், பாசியும் டிரென்டிபோலியாதான், ஆனால் வகைப்பாட்டில் வேறு வரிசையைச் (ஆர்டர்) சேர்ந்தது. அதன் வித்தறைகள் லென்ஸ் வடிவில் இருக்காது, வித்து அயோடினில் நீலமாகாது.

சோலைக்காடு:
சொட்டு விடாத இடத்திலும் ஆரஞ்சுதான், பாசியே! வித்து நிறமற்றது, குறுக்குத் தடுப்பு மட்டும், அயோடினில் ஊதா. கரிய சுவர் பக்கங்களில் மட்டும், அடியில் திறந்திருக்கிறது. கிராஃபிஸ் என்று எழுதிவைக்கிறேன். புதுக் கரைசல் கலந்து ஊசிப் படிகம் வருகிறதா என்று பார்த்த பிறகு இனத்துக்குப் போகிறேன்.