டிஃபைன் 7 எக்ஸ்எல் கணினி கேபினட்: மேல்மூடி எதைப் போடுவது?

நண்பர்களே, இரவில்தான் எனக்கு வீடியோ எடிட்டிங் வேலை. அதே அறையில் குழந்தை தூங்குகிறது. சத்தம் குறைந்த கேபினட் தேடி, ஸ்வீடனின் ஃப்ராக்டல் டிசைன் தயாரிக்கும் டிஃபைன் 7 எக்ஸ்எல்லில் மனம் நின்றுவிட்டது. ஆர்ப்பாட்டமே இல்லாத கறுப்பு முகப்பு, உள்பக்கம் சத்தத்தை அடக்கும் பட்டை ஒட்டிய கதவு. அவ்வளவு பிடித்திருக்கிறது!

ஆழம் மட்டுமே 60 செ.மீ. மேசைக்கு அடியில், சுவரை ஒட்டித்தான் வைக்க முடியும். கதவை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திறக்கும்படி மாற்றிக்கொள்ளலாம், அதனால் அது சரி.

குழப்பம் மேல்மூடியில்தான். மூடிய தகடு, துளையுள்ள தகடு இரண்டும் கூடவே வருகின்றன. மூடியதைப் போட்டால் சத்தம் அடங்கும். ஆனால் ஏசி இல்லாத அறையில், மே மாத வெயிலில் உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு சூட்டைத் தாங்குமா? அப்புறம், பக்கவாட்டுக்குக் கண்ணாடியா, இரும்புத் தகடா? பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள்.