நெபியோலோ ஒயின்களை ஒப்பிட்டுச் சுவைக்க ஆலோசனை தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். இத்தாலியின் வடமேற்கிலுள்ள பியட்மான்ட் பகுதியைச் சேர்ந்த நெபியோலோ திராட்சையைப் பற்றி உங்கள் உதவியை நாடுகிறேன். ஆல்பா நகரையொட்டிய குன்றுகளில் விளையும் பரோலோ, பார்பரெஸ்கோ ஆகிய இரண்டு சிவப்பு ஒயின்களும் முழுக்க இந்த ஒரே திராட்சையிலிருந்துதான் உருவாகின்றன. ஆனால் பரோலோ குறைந்தது 38 மாதங்களும், அவற்றில் 18 மாதங்கள் மரப்பீப்பாயிலும், பார்பரெஸ்கோ 26 மாதங்களும் முதிர்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். நிறம் இவ்வளவு வெளிறியிருக்க, துவர்ப்பும் புளிப்பும் இவ்வளவு ஓங்கி நிற்பதும், ரோஜா மணத்தோடு தார் வாசனை கலந்து வருவதும் என்னை மிகவும் ஈர்த்துள்ளன.

நண்பர்கள் சிலருடன் ஒரே மாலையில் இவற்றை வரிசையாகச் சுவைக்க விரும்புகிறேன். பரோலோவிலேயே லா மோரா ஊரின் ஒயின் மென்மையானது, செர்ரலுங்கா தால்பாவின் ஒயின் இறுக்கமானது என்பார்கள். இந்த வேறுபாட்டை உணர இரண்டும் ஒரே அறுவடை ஆண்டைச் சேர்ந்தவையாக இருப்பது அவசியமா? லொம்பார்டியின் வால்தெல்லினாவில், ஆல்ப்ஸ் மலைச்சரிவின் கல் படிக்கட்டு நிலங்களில் இதே திராட்சையிலிருந்து வரும் ஒயினை முதலில் வைப்பதா, இறுதியில் வைப்பதா? அது வாயில் கனமின்றி இலகுவாக இருப்பது என்பதால் முதலில் வைப்பதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மேலும், பத்து ஆண்டுகள்கூட ஆகாத பரோலோவை எத்தனை மணி நேரம் முன்னதாகத் திறந்து வைக்கிறீர்கள் என்பதையும், காரம் குறைத்துச் சமைத்த ஆட்டிறைச்சி அதன் துவர்ப்புக்கு ஈடுகொடுக்குமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.